காற்று திரும்பும் வரை

கேள்வி: இஸ்லாம் வாளால் பரவியது, கிறிஸ்தவம் அன்பால் பரவியது. வரலாறு சொல்லும் இந்த உண்மையை உங்களால் மறுக்க முடியுமா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: எந்த வரலாறு என்று சொல்லியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். சரி, அன்பிலிருந்தே தொடங்குவோம். 782இல், இன்றைய ஜெர்மனியில் இருக்கும் வெர்டனில், சாக்சன் என்ற பழங்குடியினர் 4,500 பேரின் தலையைக் கிறிஸ்தவ மன்னர் சார்லமேன் ஒரே நாளில் வெட்டச் சொன்னதாக அவருடைய அரசவை ஆண்டுக்குறிப்பே எழுதி வைத்திருக்கிறது. ஞானஸ்நானம் வேண்டாம் என்று ஒளிந்துகொள்ளும் சாக்சனுக்கு மரண தண்டனை என்று சட்டமும் போட்டார்.

வாளும் பொய்யில்லை. எகிப்தை அரபுப் படை 642க்குள் பிடித்துவிட்டது. ஆனால் அங்கே முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆகப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அந்த மண்ணின் பழைய கிறிஸ்தவர்களான காப்டிக்குகள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தோனேசியாவை என்ன செய்வீர்கள்? 20 கோடிக்கு மேல் முஸ்லிம்கள். ஒரு அரபுப் படைகூட அங்கே போய் இறங்கியதில்லை. போனது வியாபாரி. பருவக்காற்றில் வந்த கப்பல், காற்று திரும்பும் வரை துறைமுகத்தில் கிடக்க வேண்டும். சுமத்ராவில் மார்க்கோ போலோவே ஐந்து மாதம் இப்படிக் காத்துக் கிடந்தார். வருஷா வருஷம் மாதக்கணக்கில் தங்குகிறவன் சும்மா இருப்பானா? வீடு பிடிப்பான், உள்ளூரில் பெண் எடுப்பான், தொழ ஒரு பள்ளிவாசல் கட்டுவான். அவனிடம் கடனுக்குச் சரக்கு வாங்குகிறவனுக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருந்தால் வழக்கு சீக்கிரம் தீரும். சுமத்ராவின் பெர்லாக் துறைமுக நகரத்தார் வணிகர்களின் சகவாசத்தால் முஸ்லிம் ஆனார்கள், மலைவாசிகள் ஆகவில்லை என்று 1292 வாக்கில் போலோ பார்த்ததும் இதைத்தான். துறைமுகத்து ராஜாவும் கணக்குத் தெரிந்தவர், அவரும் மாறினார். பக்கத்துப் பசாயில் சுல்தான் மாலிக் அல்-சாலிஹின் கல்லறை 1297ஆம் ஆண்டைக் காட்டுகிறது. அங்கே வேரூன்றிய ஷாஃபி மத்ஹபுதான் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும். ஒரே கடல்தானே!

பிறகு ஜாவாவில் டெமாக் சுல்தான்கள் மஜபாகித் என்ற இந்து-பௌத்தப் பேரரசை அடித்து வீழ்த்தினார்கள். அது வாள்தான், ஆனால் ஜாவாக்காரன் கையில் இருந்த வாள். அதே ஜாவாவின் குடுஸ் ஊரில், பழைய பள்ளிவாசலின் செங்கல் கோபுரம் இந்துக் கோயில் மாதிரியே நிற்கிறது. பசுவை அறுக்காமல் குர்பானிக்கு, அதாவது பக்ரீத் பலிக்கு, எருமை கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ரமலான் நோன்புக்கு அவர்கள் மொழியில் 'புவாசா' என்று பெயர். வேறொன்றுமில்லை, நம் உபவாசம்தான்.