கழுத்து வலி குறைந்திருக்கிறது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. கழுத்து வலி தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. ‘எலும்புத் தேய்மானம்தான்’ என்றார்கள். மாத்திரை, காலர், பிசியோதெரபி என்று காலம் ஓடியது. விரல்கள் மரத்துப்போனபோது மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சொல்லி அதற்குத் தனியாக வைத்தியம் பார்த்தார்கள். இப்போது சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுகிறேன், நடக்கும்போது கால் பின்னுகிறது. போன மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் சி5-சி6 இடத்தில் (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே) தண்டுவடம் நசுங்கியிருப்பதாகவும், அதன் உள்ளே வெள்ளையாகத் தெரிவதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் வலி முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. தள்ளிப்போடலாமா? செய்துகொண்டால் வலி முழுதாகப் போய்விடுமா?

பதில்: வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைப்பது பொத்தானும் காலும்தான். தண்டுவடம் மெல்ல மெல்ல நசுங்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. கை தன் நுணுக்கத்தை இழக்கும், கால் இறுகும், நடை தள்ளாடும். அதனால்தான் இந்த நோய் பலருக்கு வருடக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. வலி குறைந்ததை நோய் குறைந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கழுத்தில் தண்டுவடம் போகும் குழாயின் முன்பின் அகலம் சாதாரணமாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். அது 13க்குக் கீழே போனால் குறுகல் என்போம். முன்பக்கம் ஜவ்வு பிதுங்கி, ஓரங்களில் எலும்பு முள் வளர்ந்து, பின்பக்கத் தசைநார் தடித்து, எல்லாம் சேர்ந்து நடுவில் இருக்கும் தண்டுவடத்தை நெருக்குகின்றன. தலையைப் பின்னால் சாய்க்கும்போது அந்தத் தசைநார் உள்பக்கமாக மடிந்து இன்னும் இறுக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. தாமதத்துக்கு இது ஒரு காரணம். மணிக்கட்டு நரம்புப் பிரச்சினை என்று நினைத்துவிடுவது இன்னொன்று. மணிக்கட்டில் அழுந்தினால் கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதி வரைதான் மரக்கும், இரவில் கூடும், கையை உதறினால் சற்று விடும். காலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இரண்டு கையும் தடுமாறி, கூடவே காலும் பின்னினால் கழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு நோயும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் கூடும். வைட்டமின் பி12 குறைவும் இதே மாதிரி நடையைக் கெடுக்கும். இதுவரை பார்க்கவில்லை என்றால் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். கையை நீட்டி, விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரியுங்கள். 10 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். சாதாரணமாக 20 முறையாவது வரும். அதற்குக் குறைந்தால், அல்லது விரிக்கும்போது மணிக்கட்டு மடங்கினால், அது தண்டுவடப் பாதிப்பைக் காட்டும். பிறகு விரல்களைச் சேர்த்து நேராக நீட்டி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். சுண்டுவிரல் தானாக விலகிப் போகிறதா? எண்ணிக்கையைத் தேதி போட்டு வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ‘கொஞ்சம் மோசம்’ என்று சொல்வதைவிட, 17 முறை வந்தது இப்போது 13 ஆகியிருக்கிறது என்பது அறுவை மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கை, கால், உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சேர்த்து 18 மதிப்பெண்ணுக்கு நாங்கள் கணக்கிடுவோம். 15 முதல் 17 வரை லேசான பாதிப்பு. அந்த அளவில் இருப்பவர்கள் மேற்பார்வையோடு பயிற்சி செய்து பார்க்கலாம், பாதிப்பு கூடினால் அறுவை. 14ம் அதற்குக் கீழும் என்றால் அறுவை சிகிச்சைதான் பரிந்துரை. உங்கள் மதிப்பெண் என்ன என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும் கட்டம் இது இல்லை. படத்தில் தெரியும் வெண்மையை நினைத்து மனம் தளர வேண்டாம். அது வீக்கமாகவும் இருக்கலாம், நிலையான சேதமாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

ஒரே இடம் என்பதால் பெரும்பாலும் முன்பக்கமாகச் செய்வார்கள். கழுத்தின் முன்னால் சிறு கீறல், மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஓரமாக ஒதுக்கி, கெட்ட ஜவ்வையும் எலும்பு முள்ளையும் எடுத்து, அந்த இடைவெளியில் ஒரு கூண்டு வைத்து, தகடும் திருகும் போட்டு இரண்டு எலும்புகளையும் இணைப்பார்கள். பல இடங்களில் நெருக்கம் இருந்தால் பின்பக்கமாகச் செய்வதுண்டு. முன்பக்க அறுவைக்குப் பிறகு விழுங்கச் சிரமமும் குரல் கரகரப்பும் வரலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகும். தோளைத் தூக்க முடியாமல் போவது அரிதாக நடக்கும், அதுவும் பெரும்பாலும் மாதக்கணக்கில் மீளும். இணைத்த எலும்புகள் ஒன்றுசேராமல் போவதற்குப் புகைப்பழக்கம் பெரிய காரணம். இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பிற்காலத்தில் மேலேயோ கீழேயோ உள்ள ஜவ்வு தேயலாம்.

வலி முழுதாகப் போகும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். தசையிலும் மூட்டிலும் இருக்கும் பழைய வலி ஓரளவு தங்கிவிடலாம். இந்த அறுவையின் முதல் நோக்கம் இருக்கும் கை, கால் பலத்தைக் காப்பாற்றுவது. பலருக்கு நடையும் கையும் முன்னேறவும் செய்கின்றன, பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில். நீண்ட நாள் நசுங்கிக் கிடந்த தண்டுவடம் முழுதாக மீளாது. தாமதம் உங்கள் தவறு அல்ல, ஆனால் இனிமேல் தாமதிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

அதுவரை கழுத்தைச் சொடுக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள், எடை தொங்கவிட்டு இழுக்கும் சிகிச்சையும் கூடாது. முடி அலசவோ பல் பார்க்கவோ தலையை அதிகமாகப் பின்னால் சாய்க்க வேண்டாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் கழுத்து நிலையைச் சொல்லிவிடுங்கள். இரவில் விளக்கு, குளியலறையில் கைப்பிடி வேண்டும். லேசாக விழுந்தாலும் குறுகிய குழாயில் தண்டுவடம் பலமாக அடிபடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கை, கால் பலம் திடீரென்று குறைந்தாலும், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும், தன்னை அறியாமல் சிறுநீர் போனாலும், விழுந்த பிறகு கை எரிந்து பலமிழந்தாலும், குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.