மலை ஏறும் ஜீப்பும் மாத்திரை டப்பாவும்: எச்.ஐ.வி. கேஸ் மேனேஜரிடம் கேட்டவை

கம்பம் பள்ளத்தாக்கில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கேஸ் மேனேஜராக வேலை பார்க்கத் தொடங்கி இந்த ஆவணியோடு 14 வருஷம் ஆகிறது. உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் மேலே ஏறினால் குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் வரைக்கும் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிற சனங்கள்தான் என் ஆட்கள். கேட்கக் கூச்சமாக இருப்பதை எல்லாம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பெயர்களை எடுத்துவிட்டேன். ஊர் சின்னதாக இருந்தால் பக்கத்துப் பெரிய ஊரைப் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது பற்றிக் கேட்டவர்களை, எச்.ஐ.வி. மருந்து தருகிற உங்கள் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம்தான் அனுப்பியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் தம்பி: அக்கா, மையத்தில் ஆலோசனை சொல்லக் கவுன்சிலர் இருக்கும்போது கேஸ் மேனேஜர் என்று தனியாக எதற்கு?

கவுன்சிலர் அந்த அறைக்குள் பேசுவார் தம்பி, அவர் முன்னால் வரிசை நிற்கும். அவர்கள் அறையை விட்டு வெளியே வந்து பஸ் ஏறிய பிறகு இருப்பதெல்லாம் என் பக்கம். ஒருவரைச் சொல்கிறேன். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் அளவு, எகிறியிருந்தது, ஒழுங்காக மாத்திரை போடுவதில்லை என்று எழுதியாகிவிட்டது, அவரும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே அறை, அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார், மாத்திரை பீரோவில் இருக்கிறது, பீரோ சாவி அண்ணியின் முந்தானையில். அண்ணிக்கு விஷயம் தெரியாது. அண்ணி அசந்து தூங்குகிற நாளில் மாத்திரை, மற்ற நாளில் இல்லை. நான் செய்தது பூட்டு வைத்த ஒரு தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். சீட்டுப் பணம் வைக்கிற பெட்டி என்று வீட்டில் சொல்லிக்கொண்டார். மூன்று மாசம் கழித்து மறுபடி எடுத்த டெஸ்டில் வைரஸ் அடங்கியிருந்தது. அவருக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாத்திரையை விழுங்குவது இப்போது ரொம்பச் சுலபம், ஒரு நாளைக்கு ஒன்று. அதை யார் கண்ணிலும் படாமல் ஒரு வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் பாடு, என் வேலையில் பாதி அந்தப் பாட்டோடுதான்.

ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, விதவை பென்ஷன் மனு, பள்ளிக்கூட டி.சி., வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார் என்கிற புலம்பல், இதெல்லாமும் உண்டு. பசியோடு இருக்கிறவரிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினால் அவர் காதில் ஏறாது.

குமுளியிலிருந்து: அக்கா, எனக்குத் தேனியில் பதிவு. இப்போது நெடுங்கண்டம் பக்கம் தோட்டத்தில் லயத்திலேயே தங்கி வேலை. இறங்கிப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. போன மாசம் மாத்திரை வாங்கவில்லை. அங்கேயே கேட்டால் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள், ஆனால் முதல் வேலையாக இந்த வாரமே மாத்திரை கையில் வந்தாக வேண்டும் தங்கச்சி, மற்ற யோசனை அப்புறம். அரசு மையங்களில் இந்தியா முழுக்க இந்த மருந்து இலவசம், நீங்கள் போடுகிற அதே மாத்திரைதான் அங்கேயும். பெயர்தான் ஆளைக் குழப்பும். நம் பக்கம் டெஸ்ட் எடுக்கிற இடம் நம்பிக்கை மையம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், அதற்கு ஜோதிஸ் என்று பெயர். நாம் ஏ.ஆர்.டி. மையம் என்பதை அங்கே உஷஸ் என்பார்கள். கோட்டயம் மெடிக்கல் காலேஜில் உஷஸ் போர்டுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு ஏ.ஆர்.டி. எங்கே என்று போவோர் வருவோரைக் கேட்கவும் முடியாமல் திரும்பி வந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் வேலைக்குத்தான் போயிருக்கிறீர்கள் என்றால், மையத்தில் கொடுத்த சிகிச்சைப் பதிவேடான பச்சை புக்கை எடுத்துக்கொண்டு அங்கே போனால் இடைக்கால ஏற்பாடாக மாத்திரை வாங்கலாம். அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தேனியில் டிரான்ஸ்பர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதி வாங்காமல் போனால் இங்கே காணாமல் போனவர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும், அங்கே புது ஆளாக முதலிலிருந்து தொடங்குவார்கள், பழைய டெஸ்ட் எதுவும் கூட வராது. இரண்டு மாநிலத்து ரிஜிஸ்டருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. இன்னொன்று, வைரஸ் அடங்கி நிலையாக இருக்கிறவர்களுக்கு மூன்று மாச மாத்திரையை மொத்தமாகத் தருகிறார்கள். கேளுங்கள், வாய்விட்டுக் கேளுங்கள், உங்கள் வேலை நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பத்திலிருந்து: ராத்திரி எட்டு மணிக்குத்தான் போடணும் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். விடியும் முன்னே ஜீப்புக்குப் போகிற எனக்கு எட்டு மணிக்கே கண் சொக்குகிறது, பல நாள் விட்டுப் போகிறது.

ராத்திரிக் கணக்கு பழைய மாத்திரைக்கு. அதிலிருந்த எஃபாவிரென்ஸ் தலை சுற்றும், கெட்ட கனவு வரும், அதனால் படுக்கும்போது போடச் சொன்னார்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரை, அதைக் காலையிலும் போடலாம், சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். உங்கள் டப்பாவில் இருப்பது எது என்று அடுத்த தடவை நர்ஸிடம் காட்டிக் கேட்டுவிட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காலை டீயோடு சேர்த்து வைத்துக்கொண்டவர்கள் என்னிடம் நிறைய, அவர்களுக்கு விட்டுப் போவதே இல்லை. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், மறுநாள் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். நெஞ்செரிச்சல் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் எது சாப்பிட்டாலும் மையத்தில் சொல்லிவிடுங்கள், அவை இந்த மருந்தைச் சரியாக உடம்பில் ஏறவிடாது, எவ்வளவு இடைவெளி என்று அவர்கள் சொல்வார்கள். டி.பி. மருந்து, வலிப்பு மருந்து என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டப்பா குலுங்கிச் சத்தம் போடுகிறது என்று இன்னொரு தங்கச்சியும் கேட்டிருந்தார். தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு அக்கா செய்வதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டு டப்பா லேபிளை ஊற வைப்பார், கட்டைவிரல் நகத்தால் மூலையிலிருந்து கிளப்பி ஒரே இழுப்பில் உரிப்பார், அதை நாலாகக் கிழித்து இரண்டு குப்பைத்தொட்டியில் பிரித்துப் போடுவார், மூடியைத் திறந்து மாத்திரைக்கு மேலே பஞ்சை அமுக்கி மூடுவார். கம்பம் பஸ் புறப்படுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர் கை அதற்குப் பழகியிருந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நீங்களும் அப்படிச் செய்யலாம், உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போடியிலிருந்து: வயது 29. ஆறு வருஷமாக மாத்திரை போடுகிறேன், வைரல் லோடு கண்டறியப்படவில்லை என்றே வருகிறது. அம்மா பெண் பார்க்கிறார், சொல்ல வேண்டாம் என்கிறார். உங்கள் கருத்து?

தம்பி, இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று மருத்துவம். மருந்தை விடாமல் போட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கி, அப்படியே இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இது நிரூபணமான விஷயம், நீங்கள் குழந்தை பெற்றுக்கொள்ளலாம், மனைவிக்கும் குழந்தைக்கும் தொற்றில்லாமல் நன்றாக வாழலாம். இரண்டாவது, அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுவும் நிச்சயத்துக்கு முன்னால். இதில் நான் இறங்கி வரமாட்டேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து பச்சை புக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்த பெண்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், தொற்று வராதவர்கள்கூட அந்த மறைப்பை மன்னிக்கவில்லை. சொன்னால் வேண்டாம் என்று போகிறவர்கள் போவார்கள், வலிக்கும். தெரிந்தே வருகிறவர்களும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் கூட்டமைப்புகள் வரன் பார்க்கும் சந்திப்புகளை நடத்தியிருக்கின்றன, அங்கே அறிமுகமாகிக் கல்யாணம் செய்து பிள்ளை குட்டியோடு இருக்கிறவர்கள் என் ஆட்களிலேயே இருக்கிறார்கள். அம்மாவை ஒரு நாள் கவுன்சிலரிடம் கூட்டி வாருங்கள், அவருக்குப் பயம்தான், வேறொன்றுமில்லை.

வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு பாட்டி, மூத்த பேரன் எழுதித் தந்தது: பேத்திக்கு 13 வயசு, பிறவியிலேயே வந்தது. மகளும் மருமகனும் இல்லை. ரத்தம் ஊறுகிற மாத்திரை என்று சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது ஏன் ஏன் என்று கேட்கிறாள்.

பாட்டி, அவளிடம் சொல்கிற நேரம் வந்துவிட்டது. ஒருவேளை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தும் இருக்கலாம். இதே வயதில் ஒரு பிள்ளையிடம் சொல்ல நானும் கவுன்சிலரும் நாலு நாள் யோசித்துத் தயாராகிப் போனோம், அவள் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும் மேடம். டப்பாவில் பேர் இருக்கே, போன்ல பார்த்தேன். கேட்டா பாட்டி அழும்னுதான் கேக்கல." அத்தனை நாள் அந்தப் பிள்ளை தனியாகச் சுமந்திருக்கிறது.

நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம், மையத்துக் கவுன்சிலர் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் உங்கள் வாயால் வரட்டும், வெள்ளைக் கோட்டுக்காரர் வாயால் வேண்டாம். பரீட்சை நேரம் வேண்டாம், அம்மா திதி சமயம் வேண்டாம், சொன்ன பிறகு இரண்டு நாளாவது நீங்களும் பேரனும் வீட்டில் இருக்கிற மாதிரிப் பாருங்கள். அம்மா இதனால்தான் செத்தாங்களா என்றுதான் முதலில் கேட்பாள். ஆமாம் என்று சொல்லுங்கள். அப்போது இந்த மருந்து அம்மாவுக்கு நேரத்தில் கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். மருமகன் மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் நியாயமாகவே இருக்கட்டும், அன்றைக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள், அவன் அவளுக்கு அப்பா. யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்பதையும் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். இது அசிங்கம் என்று அவளுக்குப் படக் கூடாது, இது உன்னுடைய விஷயம், யாரிடம் சொல்வது என்பது உன் உரிமை என்கிற மாதிரி பேசுங்கள்.

சின்னமனூரிலிருந்து: குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டு ரத்த ரிப்போர்ட் பார்த்ததும் முடியாது என்றுவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழுகிற மாதிரி நர்ஸ் காரணத்தையும் சொன்னார்.

இரண்டுமே சட்டப்படி தப்பு ஐயா. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. தொற்றைக் காட்டி சிகிச்சையை மறுக்கக் கூடாது, உங்கள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற மருத்துவமனை என்றால் புகார் வாங்குவதற்கென்றே ஒருவரை நியமித்திருக்க வேண்டும், அதற்கும் மேலே மாநிலத்தில் குறைதீர்ப்பாளர் உண்டு. தேதி, நேரம், என்ன சொன்னார்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். ஆனால் வலியோடு வழக்குக்கு அலையச் சொல்லமாட்டேன். முதலில் ஆபரேஷன், மெடிக்கல் காலேஜில் செய்வார்கள், ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரே கடிதம் தருவார். உடம்பு தேறியதும் புகாரை எழுதுவோம், நானே கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

தேவாரத்திலிருந்து, வயது 61: எங்கள் தெருவில் லாரிக்காரர் வீடுகளில் வரிசையாகச் செத்தார்கள். இப்போது மட்டும் எப்படிப் பிழைக்கிறார்கள்?

இந்தியாவில் முதன்முதலில் இது கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். நடுவில் 18 வருஷம், அந்த வருஷங்களில் போனவர்கள்தான் நீங்கள் பார்த்தவர்கள். 2004-க்குப் பிறகும் ரொம்ப காலம், எதிர்ப்புச் சக்தியைக் காட்டுகிற சி.டி.4 அணு எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து, அதற்குள் டி.பி. வந்து பலர் போய்விட்டார்கள். 2017-லிருந்து தொற்று உறுதியானாலே மருந்து. வித்தியாசம் அதுதான் அண்ணே. உங்கள் தெருவில் மிச்சம் இருக்கிற அந்த வீட்டுப் பெண்கள் யாராவது இன்னும் டெஸ்ட் எடுக்காமல் இருந்தால் சொல்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து, களப்பணியாளராகப் புதிதாகச் சேர்ந்த தங்கை: மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடிப் போகச் சொல்கிறார்கள். என்ன சொல்லிக்கொண்டு போவது?

வீட்டுக்கு வரலாமா, வந்தால் யார் என்று சொல்வது, இதைப் பதிவு செய்கிற அன்றைக்கே அவர்களிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள். வேண்டாம் என்றவர் வீட்டு வாசலை மிதிக்காதே. போனை வேறு யாராவது எடுத்தால் மருத்துவமனை என்ற வார்த்தையே வரக் கூடாது. அடையாள அட்டை பைக்குள் இருக்கட்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. இரண்டாவது வருஷம் ஒரு பெண்ணைத் தேடி அலுவலக ஜீப்பில் போனேன், கதவில் பெரிய எழுத்தில் திட்டத்தின் பெயரும் எச்.ஐ.வி. சின்னமான சிவப்பு ரிப்பனும் இருந்தன. அவசரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஐந்து நிமிஷம்தான் பேசினேன். தெருவே அந்தக் கதவைப் படித்துவிட்டது. ஒரு வாரத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார், அந்தப் பெண் தன் பிள்ளையோடு மலை ஏறிவிட்டார். தப்பு முழுக்க என்னுடையது. ஒரு வருஷத்துக்கு மேல் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டேன், மாத்திரையை மறுபடி தொடங்கினார், என்னிடம் பழைய மாதிரிப் பேசவில்லை. அன்றிலிருந்து டவுன் பஸ்தான், இல்லையென்றால் நடை.

கூடலூரிலிருந்து: போன வாரம் நம்பிக்கை மையத்தில் பாசிட்டிவ் என்று சொன்னார்கள். ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டு பைக்குள்ளேயே இருக்கிறது. போக முடியவில்லை அக்கா.

ஒரு வாரம் ஒன்றும் தாமதம் இல்லை தங்கச்சி, இந்த வாரம் போய்விடலாம். தேனி மெடிக்கல் காலேஜ் கானாவிலக்கில் இருக்கிறது, வார நாளில் காலையிலேயே போய்விடு. சீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொள். பதிவு செய்து பச்சை புக் கொடுப்பார்கள், கவுன்சிலர் பேசுவார், இருமல் காய்ச்சல் எடை குறைவு இருக்கிறதா என்று டி.பி.க்காகக் கேட்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், டாக்டர் பார்ப்பார். வேறு தொந்தரவு இல்லாவிட்டால் மாத்திரை அன்றைக்கே கிடைக்கலாம், இல்லையென்றால் சில நாளில். வரிசையில் தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். இருந்தால் அவரும் அதே வேலையாகத்தான் வந்திருக்கிறார். தனியாகப் போகத் தயக்கம் என்றால் எனக்குச் செய்தி அனுப்பு, நான் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பேன், மையத்துக்கு நேராக வர வேண்டாம், அங்கிருந்து சேர்ந்து போவோம். ராத்திரியில் மனசு ஒரு மாதிரி ஆனால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு அடி, காசு இல்லை, பேர் சொல்ல வேண்டியதில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு வா, வரிசை நீளமாக இருக்கும்.