கேள்வி – பதில்: எது திருச்சபை?

கேள்வி: ‘ஏக, பரிசுத்த, பொதுவான, அப்போஸ்தலத் திருச்சபை’ என்று நிசேயா விசுவாச அறிக்கையில் (கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் பழைய வாசகம்) பல கிறிஸ்தவப் பிரிவினரும் சொல்கிறார்கள். பிறகு ஏன் ஒருவரை ஒருவர் சபையாக ஏற்பதில்லை?

பதில்: வரி ஒன்றுதான், அளவுகோல் வேறு. கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் முதலில் ஆயரை, அதாவது பிஷப்பை, பார்ப்பார்கள். அப்போஸ்தலர் காலத்திலிருந்து ஓர் ஆயர் அடுத்தவர் தலையில் கைவைத்துப் பொறுப்பைக் கொடுத்துவந்த தொடர்ச்சி அறுந்தால் குருத்துவம் இல்லை, நற்கருணையும் (அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்து) முழுமையாக இல்லை. 2000-இல் வத்திக்கான் வெளியிட்ட ‘தோமினுஸ் யேசுஸ்’ அறிக்கை இந்தத் தொடர்ச்சி இல்லாத பிரிவுகளைச் சரியான பொருளில் சபைகள் அல்ல என்றது. போப்பின் அதிகாரத்தை ஏற்காத ஆர்த்தடாக்ஸ் சபைகளையோ உண்மையான சபைகள் என்றே சொன்னது.

லுத்தரன்களின் ஆக்ஸ்பர்க் அறிக்கை (1530) கேட்பது இரண்டே: சுவிசேஷம் பிசகாமல் போதிக்கப்பட வேண்டும், சாக்கிரமந்துகள் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற அருட்சடங்குகள்) முறைப்படி வழங்கப்பட வேண்டும். மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒன்றுபோல் இருக்கத் தேவையில்லை. தாராளமான வரையறைதான். கால்வின் வழிச் சீர்திருத்தச் சபைகளின் பெல்ஜிக் அறிக்கை (1561) மூன்றாவதாகச் சபை ஒழுங்கு நடவடிக்கையையும் சேர்த்தது. பாப்டிஸ்டுகளுக்கு, விசுவாசித்து முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களின் உள்ளூர்க் கூட்டமே தன்னளவில் சபை. அதன் தலைக்கு மேல் ஆயர் கிடையாது. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) ஞானஸ்நானமோ திருவிருந்தோ நடத்துவதே இல்லை. எந்த அளவுகோலுக்கும் அகப்படாத பிரிவு அது!

கேள்வி: பிரிவு மாறினால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

பதில்: கத்தோலிக்கத்துக்கு மாறுபவருக்குப் பொதுவாக வேண்டாம். தண்ணீரும், ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே’ என்ற வாசகமும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணமும் இருந்திருந்தால் அது செல்லும். ‘இயேசுவின் நாமத்தில்’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தது செல்லாது. சிக்கல் பெரும்பாலும் சான்றிதழில்தான்: தேதி இருக்கும், எப்படிக் கொடுத்தார்கள் என்பது இராது. ஆகவே, கொடுத்த போதகரிடமோ உடனிருந்தவரிடமோ அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால், ‘நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்’ என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

பாப்டிஸ்ட் சபைக்குப் போனால் கதை தலைகீழ். குழந்தையில் தெளித்ததைப் பெரும்பாலான சபைகள் கணக்கில் எடுப்பதில்லை, மூழ்கித்தான் ஆகவேண்டும். அவர்கள் பார்வையில் அது இரண்டாவது அல்ல, முதல் ஞானஸ்நானம்.

குருக்களுக்கு வேறு கணக்கு. ஆங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று 1896-இல் போப் 13ஆம் லியோ தீர்த்ததால், அங்கிருந்து வருபவர் கத்தோலிக்கக் குருவாகப் புதிதாகத் திருநிலைப்படுத்தப்படுவார். ஆர்த்தடாக்ஸ் குருவுக்கு அது தேவையில்லை.