வளர்த்த தோலில் முடி முளைக்குமா?

தீக்காயத் தழும்பில் ஆய்வகத்தில் வளர்த்த தோலை ஒட்டினால் முடி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வராது.

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா கையில், கல்யாணத்துக்கு மனகோலம் சுட்டபோது எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கிறது. சித்திரை வெயிலில் கையெல்லாம் வேர்த்து ஊற்றும், அந்த இடம் மட்டும் வழவழவென்று காய்ந்தே கிடக்கும், ஒரு முடி கிடையாது. மேல்தோல் வளர்ப்பது பழைய வித்தைதான், 1975-லேயே ரைன்வால்ட், கிரீன் என்ற ஆய்வாளர்கள் மனிதத் தோல் செல்களை ஆய்வகத் தட்டில் பெருக்கிக் காட்டிவிட்டார்கள், 1980-களில் தீக்காயத்துக்கு ஒட்டவும் ஆரம்பித்தாயிற்று. ஆனால் அதில் வேர்வைச் சுரப்பியும் இல்லை, மயிர்க்காலும் இல்லை.

மயிர்க்காலின் அடியில் இருக்கும் பாப்பில்லா செல்கள்தான் 'முடி போடு' என்று மேலே சொல்லி அனுப்புபவை. தட்டில் தட்டையாக வளர்த்தால் அந்த வேலையையே மறந்துவிடுகின்றன! 2013-ல் அவற்றைத் தொங்கும் திரவச் சொட்டுக்குள் விட்டு உருண்டையாக வளர்த்தபோது ஓரளவு நினைவு திரும்பியது. அப்புறம் 2020-ல் ஆய்வாளர் கார்ல் கோலரின் குழு, பல வகை செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து முடியோடேயே தோல் வளர்த்தது, நாலைந்து மாதம் பிடித்தது, ஒட்டிப் பார்த்தது எலி மேல்தான்.

தழும்பு தலையில் என்றால், பின்மண்டை மயிர்க்காலை எடுத்து நடுவது இப்போதே உண்டு; பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள், 'ஸ்டெம் செல் ஊசி' விளம்பரத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள்.