சிபாப் குழாயில் தண்ணீர்: ஈரப்பதத்தைக் குறைக்க வேண்டாம்

ராத்திரியில் சிபாப் கருவியின் (தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் இருக்க முகமூடி வழியே அழுத்தக் காற்று தருவது) குழாயில் தண்ணீர் சேர்ந்து கடகடக்கிறது, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் குறைத்தால் மூக்கு எரிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இது கருவிக் கோளாறு இல்லை, குழாய் குளிர்வதுதான்.

30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்று அதிகபட்சம் 30 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17தான். ஹியூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நீராவி நிறைவுற்று வரும் காற்று ஏசி அறையில் குழாய்ச் சுவர் வழியே வெப்பத்தை இழந்தால், மிச்ச 13 மில்லிகிராம் தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓட்டம் என்றால் மணிக்கு 23 மில்லிலிட்டர்! (படுமோசமான நிலைக்கான கணக்கு இது.)

நுரையீரலுக்குள் போகும்போது 37 டிகிரியில் லிட்டருக்கு 44 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைவதை மூக்குதான் ஈடுகட்டுகிறது. அதனால் ஈரப்பதத்தைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் குழாய்க்குத் துணி உறை போடுங்கள், அல்லது போர்வைக்குள் விடுங்கள். ஏசி காற்று அதன்மேல் நேராகப் படக்கூடாது. கருவி தலைமட்டத்துக்குக் கீழே இருந்தால் சேரும் தண்ணீர் முகமூடிப் பக்கம் வராது. அப்புறமும் தொல்லை என்றால் சூடேற்றும் குழாய் வாங்கலாம். உங்கள் கருவிக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது நீராவியைக் கூட்டுவதில்லை, வெப்பநிலையை இறங்கவிடாது, அவ்வளவுதான்.

கருவியின் காற்றழுத்தத்தைக் கூட்டியதால்தான் தண்ணீர் சேர்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் (சிபாப் அழுத்தத்தை இந்த அலகில்தான் சொல்வார்கள்) வளிமண்டல அழுத்தத்தில் 1 சதவீதம்தான். அதனால் நீராவி தண்ணீராகிவிடாது. மருத்துவரைக் கேட்காமல் அழுத்தத்தை மாற்றாதீர்கள்.