லாபக் கணக்கில் ஏறாத செலவு

கேள்வி: எம்.பி.ஏ. மாணவர்களுக்கு நிலைத்த வளர்ச்சி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றிய பாடம் எடுக்கிறேன். வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஃபைனான்ஸ் வகுப்பில் காட்டும் ஆர்வத்தை இதில் காட்டுவதில்லை. என்ன செய்யலாம்?
(உதவிப் பேராசிரியை, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வரையறைகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதல் வகுப்பிலேயே கணக்கைக் கையில் கொடுங்கள். கடலூரில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அந்த வழியில்தான் நம்பிக்கை.

திருப்பூர் சாயப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாயம், உப்பு, எரிபொருள், கூலி எல்லாம் செலவுப் பக்கத்தில் இருக்கும். கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் அப்படியே நொய்யல் ஆற்றில் விட்டால், கழிவுக்கான செலவு பூஜ்யம்தான். ஆனால் அந்தச் செலவை வேறு யாரோ கட்டினார்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததுதான் காரணம். இப்போது உங்கள் ஃபைனான்ஸ் மாணவரிடம் கேளுங்கள்: ‘2010இல் ஒரு பட்டறைக்குக் கடன் கொடுக்க உட்கார்ந்திருக்கும் வங்கி அதிகாரி நீ. எந்தக் காகிதத்தைக் கேட்டிருப்பாய்?’ அந்தக் கேள்விக்கு மனப்பாடப் பதில் கிடையாது. அப்புறம், மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பைப் படிக்கக் கொடுங்கள். அதற்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்துகொள்ளும் பசி வந்திருக்கும்.

அடுத்து, பஸ் ஏற்றிக் கடலூருக்கு அழைத்து வாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டை உங்களுக்குத் தூரமில்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் பட்டியலில் கடலூரும் இருந்தது. வழக்கமாகக் கல்லூரிகள் நேராகக் கம்பெனி வாசலுக்குத்தான் போகும். மாநாட்டு அறையில் படம் காட்டி, டீ கொடுத்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் முதலில் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் ஊருக்குள் போங்கள். உப்பனாற்றில் வலை போடுகிறவர்களிடம் மீன்பாடு பற்றிக் கேளுங்கள். அதே தெருவில் ஆலை வேலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் பேச்சும் நோட்டில் ஏற வேண்டும். பிறகு ஆலைக்குள் போகும்போது மேலாளரோடு நிறுத்திக்கொள்ளாமல், சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுகிற ஆபரேட்டரிடம் பேச அனுமதி கேளுங்கள். மின்சாரம் போனால் என்ன நடக்கும், மழைக்காலத்தில் தொட்டி நிரம்பினால் என்ன செய்வார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊர்க்காரர்களைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். மாணவர்கள் எழுதியதைத் தமிழில் கொண்டுபோய் அவர்களிடமே படித்துக் காட்டட்டும். ‘நான் அப்படிச் சொல்லவில்லையே தம்பி’ என்று ஒரு அம்மா திருத்தினால், நம்மால் சொல்லித்தர முடியாததை அந்தப் பையன் அங்கே கற்றுக்கொள்வான்.

வினாத்தாளையும் மாற்றுங்கள். ‘முக்கியத்துவத்தை விளக்குக’ என்று கேட்டால் மனப்பாடம்தான் திரும்பி வரும்.

கேள்வி: கம்பெனி தன் லாபத்தில் 2 சதவீதம் கொடுத்துவிட்டால் அதன் சமூகப் பொறுப்பு முடிந்ததா?
(பி.பி.ஏ. மாணவர், நெல்லிக்குப்பம்)

இல்லை தம்பி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு அதில் சேராது. இது லாபம் வந்த பிறகு செய்கிற செலவு. அந்த லாபம் எப்படி வந்தது என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியைக் குறைத்துச் சேர்த்த பணத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தால், பெஞ்சு நல்ல பெஞ்சுதான். ஆனால் கூலிப் பாக்கி அப்படியே நிற்கிறது.

வணிகத்தின் பொறுப்பு லாபம் ஈட்டுவதே, அதுவும் விதிகளுக்கு உட்பட்டு என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதினார். அவரையும் படியுங்கள், ஒதுக்க வேண்டாம். படித்துவிட்டு, அந்த விதிகள் எப்படி வந்தன என்று கேளுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சு மில்லைப் பார்த்திருப்பீர்கள். 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய புதுச்சேரி மில் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசு துப்பாக்கிச்சூடு நடத்தியதில் 12 பேர் இறந்தார்கள். வேலை நேர விதி அதன் பிறகுதான் இங்கே வந்தது. எந்த முதலாளியும் தானாக முன்வந்து எழுதிக் கொடுத்ததல்ல.

கேள்வி: மகள் நிலைத்த வளர்ச்சி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றி மேற்படிப்பு படிக்க விரும்புகிறாள். வேலை கிடைக்குமா?
(மளிகைக் கடைக்காரர், கடலூர் முதுநகர்)

கிடைக்கும், கணக்கு பார்க்கத் தெரிந்திருந்தால். பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு, விபத்து, ஊதியம் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு விதித்திருக்கிறது. அந்த எண்களைத் திரட்டிச் சரிபார்க்க ஆள் வேண்டும். பேச்சுத் திறமை மட்டும் போதாது. மின் ரசீதையும் டீசல் பில்லையும் வைத்துக்கொண்டு எவ்வளவு கார்பன் வெளியேறியது என்று கணக்கிடப் பழகட்டும். உங்கள் கடையின் ஒரு வருட மின் ரசீதுகளைக் கொடுத்து, குளிர்பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்று கேளுங்கள். அவளுக்கு அதில் ஆர்வம் இருக்கிறதா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.