பழைய சர்க்கரை மாத்திரைக்கு கிட்னி பேடன்ட் கிடைக்குமா?

சர்க்கரைக்குக் கொடுக்கிற மாத்திரை நாள்பட்ட கிட்னி நோய்க்கும் கேட்கும் என்று தெரிந்தால், கம்பெனிக்கு இன்னொரு பேடன்ட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் கிடைக்கலாம், இங்கே கிடைக்காது. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த மருந்தின் புதுப் பயன்பாட்டைக் கண்டுபிடிப்பாகவே எடுத்துக்கொள்ளாது; சரி, 'தினமும் 10 மில்லிகிராம் கொடுக்கும் முறை' என்று மாற்றி எழுதிக் கொண்டுவந்தால்? சிகிச்சை முறைக்கு பேடன்ட் இல்லை என்று 3(ஐ) தடுத்துவிடும். அதே மருந்தின் புது உப்பு வடிவம் (வேதியியலில் சற்று மாற்றிய வடிவம்) என்றால், நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்குக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் தரவு கேட்பார், 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி.

அப்புறம் முக்கியமான ஒன்று: விண்ணப்பம் வெளியான பிறகு, பேடன்ட் வழங்கும் முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம், காட்பாடியில் இருக்கும் ஒரு கிட்னி நோயாளிகூட. வேலூர் ஐடா ஸ்கடர் ரோட்டு மருந்துக்கடையில் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையைக் கேட்டுப் பாருங்கள், 2025 மார்ச்சில் அதன் பேடன்ட் முடிந்ததும் பல கம்பெனிகள் குறைந்த விலையில் இறக்கிவிட்டார்கள்.